14 வயது மகனுக்குக் கடுமையான டிக்: ரொறன்ரோவிலிருந்து தம்பி கஞ்சா எண்ணெய் கொண்டுவரட்டுமா என்கிறான்

வெள்ளவத்தை அம்மா
ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். இதுவரை இங்கே வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 14 வயது. ஏழு வயதில் கண் சிமிட்டலில் தொடங்கியது. கண் டொக்டரிடம் போனோம், கண்ணாடி கொடுத்தார். பிறகு மூக்கை உறிஞ்சினான், தடிமன் மருந்து குடித்தான். பத்து வயதில்தான் ஒரு டொக்டர், இப்படித் தன்னை அறியாமல் வரும் அசைவும் சத்தமும் டிக், நோயின் பெயர் டூரெட் என்று சொன்னார். இப்போது கழுத்தை இடப்பக்கம் வெட்டி இழுக்கிறான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கூடவே நாய்க்குட்டி குரைப்பது போல் ஒரு சத்தம். பின்னேரமானால் கழுத்து நோ தாங்காமல் சுடுதண்ணீர் ஒத்தடம் கேட்பான். நித்திரையில் மட்டும் அந்தக் கழுத்து சும்மா இருக்கும். சில இரவுகளில் அதைப் பார்ப்பதற்காகவே அவன் கட்டிலில் போய் இருப்பேன்.

முதலில் ஹலோபெரிடோல் தந்தார்கள். ஓரிடத்தில் இருக்க முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். பிறகு ரிஸ்பெரிடோன். டிக் குறைந்தது உண்மை, ஆனால் ஒரு வருடத்தில் 11 கிலோ கூடிவிட்டது. அவனே வேண்டாம் என்றான். இப்போது குளோனிடின், பகல் முழுக்கத் தூங்கி வழிகிறான். கவனக்குறைவும் துருதுருப்பும் வேறு இருக்கிறது.

இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பில் யாரோ போனில் எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஒரு ஆசிரியர், சத்தத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே வா என்றாராம்.

தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் அங்கே கடையிலேயே வாங்கலாம், போதை இல்லை, ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறான். ஒரு வீடியோவும் அனுப்பினான். உடம்பெல்லாம் உதறும் ஒரு பையன், நாக்கில் சில துளி விட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறான். பார்த்துவிட்டு அழுதேன். இவர் கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதுமே எழும்பிப் போய்விட்டார்.

யாராவது பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்களா? சட்டம் என்ன சொல்கிறது?


தெகிவளை 101
ஞாயிறு, இரவு 11.58

நாவூறாகவும் இருக்கலாம் அக்கா. நூல் கட்டிப் பார்த்தீர்களா?


வெள்ளவத்தை அம்மா
திங்கள், அதிகாலை 12.10

பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலில் நூல் கட்டினோம். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் 13 செவ்வாய்க்கிழமை போனோம். நாங்கள் சைவம். இனிப் போகாத இடம் இல்லை தம்பி.


ரொறன்ரோ ராசா
திங்கள், காலை 6.25

தங்கச்சி, உங்கள் தம்பி சொல்வது சரி. கனடாவில் மருத்துவத்துக்கு 2001 முதல், பொதுவாக 2018 அக்டோபர் 17 முதல் சட்டபூர்வம். என் மனைவி மூட்டு நோவுக்கு இரண்டு வருடமாக சிபிடி எண்ணெய் எடுக்கிறார், நல்ல நித்திரை. நம் சனத்துக்குக் கஞ்சா என்றால் உடனே சந்தியில் நிற்கிற பொடியன்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். உலகம் எங்கேயோ போய்விட்டது. பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? எடையைக் கூட்டும் மாத்திரையைக் கொடுக்கலாம், செடியில் இருந்து வருவதைக் கொடுக்கக் கூடாதா?


பார்மசி அக்கா
திங்கள், இரவு 9.15

நான் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் 19 வருடமாக நிற்கிறேன். டொக்டர் இல்லை, மருந்தாளர். இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு ஒருவராவது கவுண்டருக்கு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் தேடி வாசித்து வைத்திருக்கிறேன். காலையில் இதற்குப் பதில் எழுதத் தொடங்கிக் கோபம் வந்து அழித்துவிட்டேன். கோபம் தங்கச்சி மேல் இல்லை, அந்த வீடியோ மேல்.

கஞ்சாச் செடியில் உள்ள பொருட்களில் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். டிஎச்சி போதை தருவது. சிபிடி போதை தராதது. உங்கள் தம்பி கொண்டுவர நினைப்பது இரண்டாவது. ஆனால் டிக் குறைந்தது என்று பேசப்படும் ஆய்வுகள் டிஎச்சி உள்ள மருந்துகளை வைத்துச் செய்தவை. சிபிடி மட்டும் கொடுத்து டிக் குறைந்தது என்று காட்டிய ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. அதாவது, போதையில்லாத போத்தலுக்கு ஆதாரம் இல்லை. கொஞ்சமாவது ஆதாரம் உள்ள போத்தலில் போதை இருக்கிறது. வீடியோ அனுப்புகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

ஜேர்மனியின் ஹனோவரில் கிர்ஸ்டன் முல்லர்-வால் என்ற டொக்டரின் குழு நீண்ட காலமாக இதில் இருக்கிறது. 2002 இல் 12 பேருக்கு ஒரே ஒரு தடவை டிஎச்சி கொடுத்துப் பார்த்தார்கள், 2003 இல் 24 பேருக்கு ஆறு வாரம். நல்லதாகத்தான் தெரிந்தது. ஆனால் 2009 இல், ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, சிலர் இரண்டிலும் இருந்ததால் மொத்தமே 28 பேர். போதாது என்று எழுதிவிட்டார்கள்.

பிறகு 2023 இல் இரண்டு வந்தன. ஜேர்மனியில் 97 பேருக்கு வாயில் அடிக்கிற ஸ்பிரேயை 13 வாரம் கொடுத்தார்கள், டிஎச்சியும் சிபிடியும் கலந்தது. டிக் காற்பங்காவது குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 22 பேர், வெற்று ஸ்பிரே பெற்றவர்களில் 9 பேர். மருந்துப் பக்கம் கூடத்தான், ஆனால் தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆய்வு தன் இலக்கை எட்டவில்லை. அவுஸ்திரேலியாவில், பிறிஸ்பேனில், 22 பேர். ஒவ்வொருவருக்கும் ஆறு வாரம் உண்மை எண்ணெய், ஆறு வாரம் வெறும் எண்ணெய். டிக்கின் கடுமையை அளக்கும் 50 புள்ளி அளவுகோலில் உண்மை எண்ணெயில் 8.9 குறைந்தது, வெறும் எண்ணெயில் 2.5. இது உண்மையான பலன், நான் மறைக்கவில்லை. ஆனால் அதே ஆட்களுக்கு யோசனை மந்தமாவதும் மறதியும் கவனம் சிதறுவதும் வந்தது.

இனிக் கவனியுங்கள். இந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் அனைவரும் வளர்ந்தவர்கள். உங்கள் மகனுக்கு 14.


ரொறன்ரோ ராசா
திங்கள், இரவு 10.02

பார்மசி தங்கச்சி, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 8.9 குறைந்தது என்று. பிறகு என்ன? அதோடு நானும் அந்த ஜேர்மன் ஆய்வைத் தேடிப் பார்த்தேன். ஆண்களுக்கும், டிக் கடுமையாக உள்ளவர்களுக்கும், கவனக்குறைவு உள்ளவர்களுக்கும் கூடுதல் பலன் இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை மூன்றுமே.


பார்மசி அக்கா
திங்கள், இரவு 10.30

அண்ணா, தேடி வாசித்ததற்கு நன்றி. கேலியாகச் சொல்லவில்லை, இந்தக் களத்தில் அது அபூர்வம். ஆனால் "இருக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். இலக்கை எட்டாத ஆய்வில், பிறகு குழு குழுவாகப் பிரித்துப் பார்த்து எடுத்தது அது. வலை காலியாக வந்த பிறகு மூலையில் சிக்கிய மீனைக் காட்டுவது போல. அடுத்த ஆய்வு எதைத் தேட வேண்டும் என்பதற்கு நல்ல குறிப்பு. மருந்துச் சீட்டு எழுதுவதற்கு இல்லை.

வீடியோ விஷயம். டிக் ஒரே அளவில் நிற்காது, கூடும், குறையும், வாரக்கணக்கில் காணாமல்கூடப் போகும். மனிதர் எப்போது புது மருந்து தேடுவார்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே. அந்த நேரத்தில் குடித்தது எண்ணெயானால் எண்ணெய்க்குப் பெயர், சுக்குத்தண்ணீரானால் சுக்குத்தண்ணீருக்குப் பெயர். வெறும் எண்ணெயிலேயே 2.5 புள்ளி இறங்கியதை மறக்காதீர்கள்.


மூலிகைப்பிரியன்
செவ்வாய், காலை 7.50

ஏன் ரொறன்ரோவுக்குப் போக வேண்டும்? நம் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சா எத்தனை காலமாக இருக்கிறது. இலங்கையில் 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற வைத்தியர்கள் மருந்து செய்யக் கஞ்சா பெறலாம். மதன மோதகம் என்று ஒன்று இருக்கிறது, நரம்புக்கு நல்லது. வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்.


பார்மசி அக்கா
செவ்வாய், காலை 8.20

ஐயா, சட்டம் பற்றிச் சொன்னது சரி. மற்றதைப் பற்றி: மதன மோதகம் பரம்பரையாகப் பசிக்கும் ஆண்மைக்கும் கொடுத்த லேகியம். இப்போது பள்ளிப் பிள்ளைகள் போதைக்காக வாங்குகிறார்கள் என்று அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஓர் உருண்டையில் எவ்வளவு டிஎச்சி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உருட்டியவருக்கும் தெரியாது. தயவுசெய்து ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லாதீர்கள்.

உங்களுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி தருகிறேன். மூளை தானாகவே கஞ்சா மாதிரியான ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992 இல் ஜெருசலேமில் ரபாயேல் மெஷூலத்தின் ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்தெடுத்தபோது அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். நம் ஆனந்தம்தான். மூளைக்குள் டிக் பிறக்கிறது என்று கருதப்படும் அடித்தள நரம்புத் திரள்களில் அந்தப் பொருள் போய் ஒட்டும் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. டிஎச்சியும் அங்கேதான் போய் ஒட்டும். இதில் வேலை செய்யலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்ததற்கு ஒரு காரணம் அது. பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பயப்படுவதற்கும் அதுவே காரணம், ஏனென்றால் மூளை தன்னை ஒழுங்குபடுத்தி முடிக்காத வயதில் அதே ஏற்பிகளை வெளியில் இருந்து தட்டிக்கொண்டு இருப்போம். இளம் வயதில் டிஎச்சி அடிக்கடி எடுத்தவர்களுக்கு மனப்பிறழ்வு அபாயம் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் இன்னும் கூடும்.


நெறியாளர்
செவ்வாய், மதியம் 1.05

கொழும்பில் எங்கே வாங்கலாம் என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் இழையைப் பூட்டுவேன். பயனுள்ள இழை, கெடுக்க வேண்டாம்.


இமைச்சிமிட்டி
செவ்வாய், இரவு 11.20

எனக்கு 34 வயது. டூரெட். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. வெள்ளவத்தை அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன், என் அம்மா எழுதியதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அவவும் முதலில் கண் டொக்டரிடம்தான் கொண்டுபோனா.

நான் அந்த எண்ணெயை எடுத்திருக்கிறேன். சிட்னியில் வேலை செய்தபோது, 27 வயதில், டொக்டர் சீட்டில், டிஎச்சியும் சிபிடியும் சம அளவில் கலந்தது. பார்மசி அக்கா கோபிக்கக் கூடாது, எனக்கு வேலை செய்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் ரயிலில் போகும்போது ஏதோ குறைகிறது என்று தோன்றியது. பையைத் தேடினேன், போனைத் தேடினேன். எல்லாம் இருந்தது. உந்தல்தான் இல்லை. டிக் வருவதற்கு முன் கழுத்துக்குள் ஒரு அரிப்பு மாதிரி, தும்மல் வரப்போகும் நேரம் மாதிரி ஒன்று வரும். அது இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியாது. அந்த ரயில் பயணத்தை இன்னும் மறக்கவில்லை.

நாலு மாதம் எடுத்தேன். பிறகு விட்டேன். வசனத்தின் நடுவில் சொல் மறந்துபோனது. எக்ஸெல் தாளில் ஒரே வரியை மூன்று தடவை சரிபார்ப்பேன், சரிபார்த்ததே ஞாபகம் இருக்காது. மேலாளர் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார், உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று. டிக்கோடு இருந்த ஆறு வருடத்தில் யாரும் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் 27 வயதில் நிறுத்துவதா தொடர்வதா என்று நானே முடிவு எடுத்தேன், வேலை இருந்தது, படிப்பு முடிந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு மறதி வந்தால் அது மருந்தா சோம்பலா என்று யார் கண்டுபிடிப்பது? டியூஷன் மாஸ்டரா?

அப்புறம் இன்னொன்று. அக்கா நீங்கள் எழுதிய மருந்துப் பட்டியலில் ஒன்றைக் காணவில்லை. பழக்கம் மாற்றும் பயிற்சி. அவனுக்கு அதை யாராவது தந்தார்களா?


வெள்ளவத்தை அம்மா
புதன், காலை 5.30

இல்லை தம்பி. அடக்கிப் பழகு என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அதுவா?


இமைச்சிமிட்டி
புதன், இரவு 9.45

அதுவே இல்லை. அடக்குவது தும்மலை அடக்குவது போல, வகுப்பில் இரண்டு பாடம் அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்து மொத்தமாக வெடிக்கும். அவன் வீட்டில்தான் மோசம் என்றால் அது உங்கள் வளர்ப்பின் பிழை இல்லை, வீட்டில்தான் அவன் அடக்கத் தேவையில்லை.

பயிற்சி வேறு. முதலில் உந்தல் எப்போது வருகிறது, எந்தத் தசையில் தொடங்குகிறது என்று பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்கே இரண்டு வாரம் போகும். பிறகு அந்த டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாத ஒரு அசைவு. என் கழுத்து வெட்டுக்கு, நாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி, நேரே பார்த்தபடி ஒரு நிமிடம், அல்லது உந்தல் போகும் வரை. பக்கத்தில் இருப்பவர் கவனிக்கவே மாட்டார். சத்தத்துக்கு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு. முதல் நாட்களில் அந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். உந்தல் அலை மாதிரி எழும்பி, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் தானே தாழ்கிறது என்று உடம்பு ஒரு நாள் கண்டுகொள்ளும். அப்போதிருந்து இலேசு.

எனக்கு இது 29 வயதில்தான் கிடைத்தது. எண்ணெய்க்குப் பிறகு. ஒழுங்கு தலைகீழாகப் போய்விட்டது.


பார்மசி அக்கா
புதன், இரவு 10.10

எனக்கு ஏன் கோபம் வரப்போகிறது தம்பி, நீங்கள் எழுதியது நான் எழுதியதைவிடப் பெறுமதியானது.

இமைச்சிமிட்டி சொன்ன பயிற்சிக்கு இலக்கம் தருகிறேன். அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையான 126 பிள்ளைகளிடம் செய்து 2010 இல் வெளியிட்டார்கள். பத்து வாரத்தில் எட்டு அமர்வு. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேர் அளவில் நன்றாக முன்னேறினார்கள், வெறும் ஆலோசனை பெற்றவர்களில் 18 பேர். பிள்ளைகளிடம் செய்தது. உங்கள் மகன் வயதில். எடை கூடாது, தூக்கம் வராது. இங்கிலாந்தில் இதற்கு நெருக்கமான இன்னொரு நடத்தைப் பயிற்சியை இணையம் வழியாகச் சோதித்த ஆய்வில் 224 பிள்ளைகள் இருந்தார்கள், அதிலும் பலன் வந்தது என்று 2021 இல் எழுதினார்கள்.

கஞ்சா மருந்தில் பதின்ம வயதினருக்கு இருப்பது ஓரிரு தனி நோயாளர் அறிக்கைகளும், அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வும். நல்ல அறிகுறி தெரிந்தது என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெய்க் குழு அதில் இல்லை. அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2019 வழிகாட்டலில், வேறு எதற்கும் கட்டுப்படாத வளர்ந்தவர்களுக்கு, அதுவும் சட்டம் இடம் தரும் நாட்டில் யோசிக்கலாம் என்ற அளவில் நிற்கிறார்கள்.


கல்கிசை அப்பா
வியாழன், காலை 6.40

பிள்ளைகளுக்குக் கஞ்சா மருந்தே கூடாது என்றால், வலிப்புக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்? என் மச்சாளின் பிள்ளை லண்டனில் எடுக்கிறான்.


பார்மசி அக்கா
வியாழன், காலை 8.05

நல்ல கேள்வி. அது எபிடியோலெக்ஸ். சுத்திகரித்த சிபிடி, 2018 இல் அமெரிக்கா அனுமதித்தது, டிராவே, லெனொக்ஸ்-கஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு. பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. அதற்கு முறையான ஆய்வுகள் பிள்ளைகளிடமே நடந்தன. ஈரல் நொதியைப் பார்க்க இரத்தம் எடுத்துக்கொண்டே கொடுப்பார்கள், வேறு வலிப்பு மருந்துகளோடு மோதும் என்பதால் அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வலிப்புக்கு வேலை செய்வது டிக்குக்கு வேலை செய்யும் என்று இல்லை, இரண்டும் வேறு வேறு நோய்.

கடையில் விற்கும் போத்தல் அந்த மருந்து இல்லை. 2017 இல் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26 இல் மட்டும். 18 இல் டிஎச்சி இருந்தது.


ரொறன்ரோ ராசா
வியாழன், மாலை 5.30

அது அமெரிக்க இணையக் கடை. இங்கே ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற கடை, சோதித்துத்தான் விற்பார்கள். ஆனால் சரி, 14 வயதுப் பிள்ளை விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். மனைவியின் மூட்டு வேறு, பிள்ளையின் மூளை வேறு. அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆசிரியர் சொன்னதை வாசித்ததும் இரத்தம் கொதித்தது, அதனால்தான்.


சட்டப்புத்தகம்
வியாழன், இரவு 8.15

சட்டத்தைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சாவை வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஏற்றுமதிக்காக வளர்ப்பது பற்றி நடக்கும் பேச்சோ ஏற்பாடோ எதுவும் உங்கள் பயணப் பெட்டிக்குப் பொருந்தாது. பொதுவாக மருந்து இறக்குமதி செய்ய தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி தேவை.

பலருக்குத் தெரியாதது: கனடாவில் வாங்குவது சட்டபூர்வம், ஆனால் கனடாவை விட்டு வெளியே கொண்டுபோவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். சிபிடி எண்ணெயும் அதில் அடங்கும். ரொறன்ரோவில் இருந்து வருகிற நம் ஆட்கள் டுபாயிலோ டோஹாவிலோ இறங்கி மாறுகிறார்கள். அங்கே போதைப்பொருள் சட்டம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆகஸ்டில் தம்பி நல்லூருக்கு வரட்டும், போத்தல் அங்கேயே இருக்கட்டும்.


மட்டக்குளி மாமி
வெள்ளி, காலை 10.00

என் மகளுக்கு 16. போன வருடம் ஒரே வாரத்தில் திடீரென்று கை கால் உதறல், சத்தம், சொற்கள் எல்லாம். முன்னம் ஒன்றும் இருந்ததில்லை. நாங்களும் டூரெட் என்று பயந்து மருந்து தேடினோம். நரம்பியல் டொக்டர் இது வேறு வகை என்றார். 2020, 21 இல் உலகம் முழுக்கப் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் இப்படிக் கூடியது, டூரெட் பொதுவாகச் சின்ன வயதில் மெல்லத் தொடங்கும், இப்படி ஒரே வாரத்தில் வராது என்று விளக்கினார். நடிப்பு இல்லை, பிள்ளைக்கு உண்மையில் வருகிறது, ஆனால் டிக் மருந்து வேலை செய்யாது. மனநல சிகிச்சையில் நன்றாகக் குறைந்துவிட்டது. இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். முதலில் பெயர் சரியா என்று பாருங்கள்.


வெண்கட்டி
வெள்ளி, இரவு 9.00

நான் ஆசிரியை, 22 வருடம். அந்த ஆசிரியருக்காக வெட்கப்படுகிறேன். அதே மாதிரி நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், எனக்கு அப்போது டிக் என்ற சொல்லே தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்த ஒரு பையனை வாங்குக்கு மேல் ஏற்றிவிட்டேன். இப்போது அவன் எங்கேயோ தெரியாது.

டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், நோயின் பெயரோடு. சத்தம் வேண்டுமென்று போடுவது இல்லை என்ற வசனம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதிபரிடம் நேரே கொடுங்கள், வகுப்பாசிரியர் வழியாக இல்லை. கேட்க வேண்டியவை: கதவுக்குப் பக்கத்தில் இடம், கேட்காமலே இரண்டு நிமிடம் வெளியே போய்வர அனுமதி, வாசிப்புச் சோதனை தனி அறையில். ஓஎல்லுக்கு விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குச் சலுகை கேட்டு விண்ணப்பிக்கும் வழி உண்டு, மருத்துவச் சான்றிதழோடு. அதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். கடைசி நேரத்தில் கோப்புகள் நகராது. போனில் எடுத்த பிள்ளையின் பெற்றோரையும் கூப்பிடச் சொல்லுங்கள். அதில் தயங்க வேண்டாம்.


பார்மசி அக்கா
சனி, மாலை 4.20

கடைசியாக ஒன்று. மருந்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அரிபிப்ரசோல் 6 வயதிலிருந்து டூரெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 2014 இல். எடை அதிலும் கூடலாம், பொதுவாக ரிஸ்பெரிடோன் அளவுக்கு இல்லை. கவனக்குறைவும் இருப்பதால் குவான்ஃபசின் பற்றியும் கேட்கலாம். கழுத்துத் தசை ஒன்றுதான் பிரச்சினை என்றால் போட்டொக்ஸ் ஊசிகூட உண்டு. இதெல்லாம் டொக்டரோடு கதைக்க வேண்டியது, குளோனிடினை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், இரத்த அழுத்தம் எகிறும். பொறளை ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் சிறுவர் நரம்பியலும் சிறுவர் மனநலமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பது நல்லது. இரவில் உங்களுக்குத் தாங்க முடியாவிட்டால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளைக்கு இல்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.


வெள்ளவத்தை அம்மா
ஒன்பது வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு இரவு 10.15

எல்லோருக்கும் பதில் கடன் இருக்கிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்று ஓடியதில் நேரம் போய்விட்டது.

எண்ணெய் வரவில்லை. தம்பி கோபித்தான், சட்டப்புத்தகம் எழுதியதை அனுப்பினேன், இரண்டு நாள் பேசவில்லை, பிறகு மேப்பிள் பாகு போத்தல் ஒன்று கொண்டுவந்தான். இவர் சொல்கிறார், 18 வயதுக்குப் பிறகு அவனே டொக்டரிடம் கேட்கட்டும், அதற்குள் ஆய்வுகளும் கூடியிருக்கும், அப்போது நான் எழும்பிப் போகமாட்டேன் என்று. அவர் வாயில் இருந்து அது வந்ததே பெரிய விஷயம்.

பயிற்சி தரும் உளவியலாளர் ஒருவரைக் கண்டுபிடிக்க ஆறு இடம் கேட்க வேண்டியிருந்தது. தமிழில், ஸூமில், சனிக்கிழமைகளில். ஆறு அமர்வு முடிந்தது. கழுத்து வெட்டு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஒத்தடம் கேட்டுப் பத்து நாளாகிறது. சத்தம் அப்படியே இருக்கிறது. விரல் மடக்குகிற ஒன்று புதிதாக வந்திருக்கிறது. டொக்டர் குளோனிடினை மெல்லக் குறைத்து அரிபிப்ரசோலில் சின்ன அளவில் தொடங்கியிருக்கிறார், மாதா மாதம் நிறை பார்க்கிறோம். பள்ளிக்கூடம் வாரத்தில் நாலு நாள் போகிறான், வெள்ளி முடியாது என்கிறான், விட்டுவிட்டேன். வெண்கட்டி மிஸ், கதவுப் பக்க இடம் கிடைத்தது. தனி அறைக்கு இன்னும் அலைகிறேன்.

அவன் இந்த இழையை முழுதாக வாசித்துவிட்டான். நாய்க்குட்டி என்று எழுதியதற்கு என்னோடு சண்டை. விக்கல் மாதிரி என்றுதான் எழுத வேண்டுமாம். திருத்தும் நேரம் முடிந்துவிட்டது, நெறியாளர் மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள்.

இமைச்சிமிட்டி தம்பியிடம் அவனுக்கு ஒரு கேள்வி. மருந்தைப் பற்றி இல்லை. 101 பஸ்ஸில் போகும்போது எங்கே இருப்பீர்கள், சனம் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறான். இப்போது முச்சக்கரவண்டியில்தான் போய்வருகிறான், மாதம் பெரிய காசு.


இமைச்சிமிட்டி
ஞாயிறு, இரவு 10.40

தம்பி, கடைசி வரிசை, இடப்பக்க ஜன்னல். பின்னால் யாரும் இல்லை, முன்னால் இருப்பவருக்குத் திரும்பினால் கழுத்து நோகும். எஞ்சின் சத்தத்தில் உன் விக்கல் பாதி கேட்காது. யாராவது பார்த்தால் நான் காதில் ஹெட்போனை மாட்டி வெளியே பார்ப்பேன். ஒரு தரிப்பு வரை பார்ப்பார்கள், அடுத்த தரிப்பில் அவர்களுக்கு இறங்கும் அவசரம். காலை ஏழு மணிக்கு முன் ஏறு, இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று எனக்கும் முடியாது.